கார் ப்ளோயர் ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசி வேலை செய்யவில்லை என்பதும் ப்ளோயர் வேலை செய்யவில்லை என்பதும் ஒன்றா?

இல்லை. ஏசி காற்றைக் குளிர்விக்கும், ஹீட்டர் சூடாக்கும். அந்தக் காற்றை உங்கள் முகம் வரை தள்ளிக்கொண்டு வருவது ப்ளோயர். டேஷ்போர்டுக்குள், பெரும்பாலும் முன்பக்கப் பயணியின் கால் பக்கம், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஒரு 12 வோல்ட் மோட்டார், அதன் தண்டில் சுற்றிலும் சிறு இதழ்கள் கொண்ட உருளை விசிறி, அவ்வளவுதான்.

ப்ளோயர் நின்றால் குளிரும் வராது, சூடும் வராது, கண்ணாடியில் படியும் பனியும் விலகாது. பல கார்களில் ப்ளோயர் ஸ்விட்ச் அணைந்திருந்தால் கம்ப்ரசரே ஓடாது. அதனால்தான் "ஏசி போச்சு" என்று வரும் கார்களில் சில, கேஸ் அளவைப் பார்ப்பதற்கு முன்பே ப்ளோயரில் வந்து நிற்கின்றன. சோதனை எளிது: ஏசி பட்டனை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் முழு ஸ்பீடில் வையுங்கள். காற்றே வரவில்லை, சத்தமும் இல்லை என்றால் கோளாறு ப்ளோயர் பக்கம்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

டூல் பாக்ஸைத் திறப்பதற்கு முன் இக்னிஷனைப் போட்டு, ஸ்விட்சை ஒவ்வொரு ஸ்பீடிலும் ஐந்து விநாடி நிறுத்தி, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

கடைசி ஸ்பீடு மட்டும் ஓடி மற்றவை ஓடவில்லை என்றால் ரெசிஸ்டர் (குறைந்த ஸ்பீடுகளுக்காக மோட்டாருக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் சுருள்கள்). கடைசி ஸ்பீடு மட்டும் ஓடாமல் மற்றவை ஓடினால், அந்த ஸ்பீடுக்கான ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்காந்த ஸ்விட்ச்) அல்லது ஸ்விட்சின் அந்த ஒரு கான்டாக்ட். முதல் இரண்டும் செத்து மூன்றும் நான்கும் ஓடினால் ரெசிஸ்டரில் ஒரு சுருள் அறுந்திருக்கிறது. சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால், அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள எல்லா ஸ்பீடும் சேர்ந்தே போகும். நடுவில் ஒரே ஒரு ஸ்பீடு மட்டும் இல்லை, அதற்குக் கீழும் மேலும் நன்றாக ஓடுகின்றன என்றால் சுருளைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்விட்ச் அல்லது அந்த ஒரு வயர்தான்.

எந்த ஸ்பீடிலும் அசைவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, எர்த் (கரண்ட் காரின் உலோக உடல் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை), மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். மோட்டாரின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் ஓடத் தொடங்கினால், சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டித் தட்டிச் சில நாள் ஓட்டலாம், ஆனால் அந்த மோட்டாரின் கணக்கு முடிந்தது.

கடைசி ஸ்பீடு மட்டும் ஏன் தப்பிக்கிறது?

குறைந்த ஸ்பீடுகளில் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகச் செல்கிறது. ரெசிஸ்டர் வோல்டேஜின் ஒரு பகுதியைச் சூடாக மாற்றிவிட, மீதி மோட்டாருக்குக் கிடைக்கிறது. கடைசி ஸ்பீடில் ரெசிஸ்டர் வழியே கரண்ட் போவதில்லை. பேட்டரி வோல்டேஜ் அப்படியே மோட்டாருக்குப் போகிறது. ஆகவே ரெசிஸ்டர் போனாலும் கடைசி ஸ்பீடு இருக்கும். மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் சாட்சி. முழு சாட்சி இல்லை, அதைக் கீழே பார்ப்போம்.

ரெசிஸ்டர் காற்றுப்பாதைக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். ப்ளோயர் தள்ளும் காற்றுதான் அதைக் குளிர வைக்கிறது. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். கழற்றும்போது ப்ளோயர் சற்று முன்புவரை ஓடியிருந்தால் கை சுடும், கவனம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு பின்னுக்கும் இடையே அளந்தால் பொதுவாக 0.3 ஓமிலிருந்து 3 ஓம் வரை காட்டும். எல்லையற்ற எதிர்ப்பு காட்டினால் அந்தப் பாதை அறுந்திருக்கிறது. இவ்வளவு சிறிய எண்களில் மீட்டரின் முள் வயர்களே 0.2 ஓம் காட்டிவிடும். முதலில் இரண்டு முள்ளையும் ஒட்டிவைத்துப் பார்த்து அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பல ரெசிஸ்டர்களில் சுருள் நன்றாகவே இருக்கும். அதோடு இணைந்த வெப்ப ஃபியூஸ் மட்டும் திறந்திருக்கும். அதை வயரால் இணைத்துவிட்டால் எல்லா ஸ்பீடும் வந்துவிடும், உண்மைதான். ஆனால் பிளாஸ்டிக் டக்ட்டுக்குள் செந்நிறமாகக் காயக்கூடிய ஒரு சுருளுக்கு இருந்த ஒரே காவலையும் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். கார் தீப்பிடிக்க வேறு உதவி தேவையில்லை. அதே அளவுள்ள புது வெப்ப ஃபியூஸைச் சாதாரணமாகச் சால்டர் செய்வதும் நடக்காது: சால்டரிங் சூட்டிலேயே அது திறந்துகொள்ளும். ரெசிஸ்டரை முழுதாக மாற்றுவதே சரி.

புது ரெசிஸ்டர் போட்டேன். சில மாதங்களில் அதுவும் போய்விட்டது. மட்டமான பார்ட்டா?

சில நேரம் பார்ட்தான். பெரும்பாலும் இல்லை. ரெசிஸ்டர் தானாகச் சாவது குறைவு; யாரோ அதைக் கொல்கிறார்கள். முதல் சந்தேகம் மோட்டார் மேல்.

ஒரு கணக்கு பாருங்கள். முதல் ஸ்பீடில் ரெசிஸ்டர் 2 ஓம் என்று வையுங்கள். நல்ல மோட்டார் 3.5 ஆம்பியர் இழுத்தால் ரெசிஸ்டரில் ஏறக்குறைய 25 வாட் சூடு. காற்றும் ஓடிக்கொண்டிருப்பதால் தாங்கிக்கொள்ளும். இப்போது புஷ் (தண்டு சுழலும் தாங்கி) இறுகி மோட்டார் சுற்றாமல் நின்றுவிட்டது, அதன் உள் எதிர்ப்பு 0.4 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போகும். ரெசிஸ்டரில் 50 வாட். சூடு இரட்டிப்பு, குளிர வைக்கக் காற்றோ துளியும் இல்லை. 5 ஆம்பியர் என்பது 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு ஒரு பொருட்டே அல்ல, ஆகவே அது எரியாது. முழு பாரமும் ரெசிஸ்டர் தலையில் விழுகிறது. காலையில் முதல் ஸ்பீடில் மோட்டார் தயங்கித் தயங்கிக் கிளம்புகிறது என்றால் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

உறுதி செய்ய, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை மோட்டாரின் ஒரு வயரில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுக் கடைசி ஸ்பீடில் வையுங்கள். பொதுவான கார்களில் 15 முதல் 25 ஆம்பியர் வரை இருக்கும்; உங்கள் மாடலின் அளவு சர்வீஸ் மேனுவலில் கிடைத்தால் அதையே நம்புங்கள். அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தாலோ, ஓட ஓட ஏறிக்கொண்டே போனாலோ மோட்டாரையும் ரெசிஸ்டரையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது காசுக்குப் பிடித்த கேடு. சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளை வழியாக இதை அளக்க முயல வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அடுத்த சந்தேகம் கேபின் ஃபில்டர், அதாவது உள்ளே வரும் காற்றில் தூசியைத் தடுக்கும் வடிகட்டி. "ஃபில்டர் அடைத்தால் மோட்டாருக்கு லோடு ஏறி அதிகக் கரண்ட் இழுக்கும்" என்று பலரும் சொல்வார்கள். இந்த வகை விசிறியில் நடப்பது நேர்மாறு: தள்ளும் காற்று குறைந்தால் வேலை குறைகிறது, கரண்டும் குறைகிறது, விசிறி இன்னும் வேகமாகக்கூடச் சுற்றும். கேடு வேறு வழியில் வருகிறது. காற்று குறைந்ததால் ரெசிஸ்டரும் மோட்டாரும் குளிராமல் வேகின்றன. காரணம் தவறானாலும் அறிவுரை சரிதான்: ஃபில்டரை 15,000 கி.மீ.க்கு ஒருமுறை, தூசு மிகுந்த பாதையில் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

எந்த ஸ்பீடிலும் உயிரில்லை. படிப்படியாக எப்படிச் சோதிப்பது?

ஃபியூஸ் முதலில். ப்ளோயர் ஃபியூஸ் பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். சில கார்களில் டேஷ்போர்டு அடியிலும், சிலவற்றில் இன்ஜின் பக்கப் பெட்டியிலும் இருக்கும். கண்ணால் பார்த்தது போதாது. இக்னிஷனைப் போட்டு, டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைக் காரின் வெற்று உலோகத்தில் மாட்டி, மறுமுனையால் ஃபியூஸின் முதுகில் உள்ள இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது.

பிறகு ரிலே. அதே எண் அச்சிட்ட வேறு ரிலே அதே பெட்டியில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஹார்னுக்கு உரியது பல கார்களில் பொருந்தும். இல்லையென்றால் 85, 86 பின்களுக்கு இடையே சுருள் எதிர்ப்பை அளக்கலாம். 60 முதல் 120 ஓம் வரை இருந்தால் சுருள் நலம். 'டிக்' என்று சத்தம் வந்துவிட்டால் ரிலே நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். சுருள் இழுக்கும், கருகிய கான்டாக்ட் கரண்டைக் கடத்தாது.

அடுத்தது மோட்டார் கனெக்டர். அதைக் கழற்றி, இரண்டு பின்னுக்கும் நடுவே 12 வோல்ட் பல்ப் ஒன்றை மாட்டிக் கடைசி ஸ்பீடில் வையுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் வயரிங் சரி, மோட்டார்தான் போய்விட்டது. எரியவில்லை என்றால் பல்பின் ஒரு முனையைக் காரின் வெற்று உலோகத்தில் வைத்து, மற்றொரு முனையால் இரண்டு பின்களையும் தனித்தனியே தொடுங்கள். ஒன்றில் எரிந்தால் வரும் பக்கம் நலம், எர்த் பக்கம் அறுந்திருக்கிறது. எதிலும் எரியவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே வரை திரும்பிப் போக வேண்டும்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நிறைய கார்களில் ஸ்விட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கத்தில் இருக்கும். கனெக்டர் மாட்டியபடியே அளந்தால் மோட்டாரின் இரண்டு வயரிலும் 12 வோல்ட் தெரியும். "இரண்டுமே பாசிட்டிவா, எங்கோ ஷார்ட்" என்று பதற வேண்டாம். கரண்ட் மோட்டாரைத் தாண்டி மறுபக்கம் வந்து, போக வழியின்றி நிற்கிறது. எர்த் பாதை திறந்திருக்கிறது என்று பொருள்.

மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, இருந்தும் மோட்டார் ஓடவில்லை. மோட்டார்தானே?

அவசரப்படாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகச் சொற்பம். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும், பச்சை பூத்த டெர்மினலும் மீட்டருக்கு 12 வோல்ட் காட்டிவிடும். 20 ஆம்பியர் கேட்டால் கை விரித்துவிடும். இதனால்தான் மேலே பல்ப் சொன்னோம். 21 வாட் பிரேக் பல்ப் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பழைய ஹெட்லைட் பல்பின் 55 வாட் இழை நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எது எரிகிறதோ அந்த அளவுக்குப் பாதையை நம்பலாம்.

மோட்டார் பலவீனமாகவாவது ஓடுகிறது என்றால் இன்னும் துல்லியமான வழி உண்டு. கனெக்டர் மாட்டியபடி, கடைசி ஸ்பீடில், பேட்டரி பாசிட்டிவுக்கும் மோட்டாரின் பாசிட்டிவ் பின்னுக்கும் இடையே வோல்டேஜ் அளங்கள். 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் பக்கமும் அப்படியே. ஒரு பக்கம் 2 வோல்ட் காட்டினால் அந்த 2 வோல்ட்டும் எங்கோ ஒரு கான்டாக்டில் சூடாகிக்கொண்டிருக்கிறது. கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள், இடம் கையிலேயே தெரியும்.

கனெக்டர் உருகிப் பழுப்பாகிவிட்டது. தேய்த்துச் சுத்தம் செய்தால் போதுமா?

போதாது. ஒருமுறை சூடேறிய பெண் டெர்மினல் (பின்னைக் கவ்விப் பிடிக்கும் பக்கம்) தன் பிடிப்பை இழந்திருக்கும். பளபளவென்று தேய்த்தாலும் மறுபடி சூடேறும். வயரோடு கூடிய புது கனெக்டரை வாங்கி, பழையதை வயர் செம்பு நிறமாக இருக்கும் இடம் வரை வெட்டி இணையுங்கள். கருத்த வயரில் சால்டரும் பிடிக்காது, கிரிம்ப்பும் (நசுக்கி இறுக்கும் இணைப்பும்) நிலைக்காது. பழைய வயரின் தடிமனுக்குக் குறையாமல் போடுங்கள். கிரிம்ப் செய்து வெப்பத்தில் சுருங்கும் குழாய் மாட்டுவது நல்லது. இணைப்புகளை ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு மூன்று செ.மீ. தள்ளித் தள்ளி அமையுங்கள். கனெக்டர் உருகியதற்கும் மோட்டார் கரண்டையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது. 30-க்கு 40 போடலாமா?

கூடாது. ஃபியூஸ் காப்பது மோட்டாரை அல்ல, வயரை. மோட்டார் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் புது ஃபியூஸ் போடுங்கள். அப்போதும் எரிந்தால் வயர் எங்கோ காரின் உலோக உடம்பில் உரசுகிறது. எரியவில்லை என்றால் மோட்டார் ஜாம் ஆகிறது, அல்லது அதற்குள் ஷார்ட்.

மோட்டாரைக் கழற்றி மாட்டுவது எப்படி?

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். பயணி பக்க ஏர்பேக் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் நிற வயர், கனெக்டர்களைத் தொடவோ, டெஸ்ட் லாம்ப் வைக்கவோ கூடாது. மின்சாரக் காராக இருந்தால் ஆரஞ்சு நிற கேபிள்களுக்கும் இதே விதி. அங்கும் ப்ளோயர் பெரும்பாலும் 12 வோல்ட்தான்.

குளோவ் பாக்ஸின் இரு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் தடுப்பு விலகி முழுதாகக் கீழே தொங்கும். அடியில் தட்டு இருந்தால் அதையும் எடுங்கள். மோட்டார் கீழிருந்து மேலாக அதன் பிளாஸ்டிக் உறைக்குள் நுழைந்திருக்கும். கழற்ற வேண்டியவை கனெக்டர், சிறு ரப்பர் குழாய், மூன்று ஸ்க்ரூ. சில கார்களில் ஸ்க்ரூ இருக்காது. ஒரு நாக்கை அழுத்திக்கொண்டு திருப்பினால் வரும். கைக்குப் பழகிய காரில் அரை மணி நேர வேலை. டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டிய மாடல்களும் உண்டு, அவற்றை வொர்க்‌ஷாப்பிடமே விடுங்கள்.

அந்த ரப்பர் குழாயை மாட்ட மறப்பவர்கள் நிறையப் பேர். மோட்டாரின் உள்ளுக்குக் குளிர் காற்று கொண்டுபோவது அதுதான். விட்டுவிட்டால் புது மோட்டார் வெகு நாள் வராது.

பழைய மோட்டாரைத் தனியே சோதிக்க, நடுவில் 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியில் கொடுங்கள். கையில் அழுத்திப் பிடிக்கவும், கிளம்பும்போது உதறும். விசிறியை மெல்லத் திருப்பிக்கொண்டே ஓம் அளந்தால், நல்ல மோட்டாரில் எல்லா இடத்திலும் சில ஓமுக்குள் இருக்கும். ஏதாவது ஓரிடத்தில் பாதை அறுந்தால் கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு வளையம்) அல்லது பிரஷ் போய்விட்டது. "அந்த இடத்தில் நின்றால் மட்டும் ஓடாது" என்ற மர்மத்துக்கு விடை இதுதான்.

விசிறி இல்லாமல் வரும் புது மோட்டாரில் பழைய விசிறியை மாற்றும்போது சுத்தியல் வேண்டாம். இதழ்களில் மாட்டியிருக்கும் சிறு கிளிப்புகள் அழுக்கல்ல, சமநிலை எடைகள். பிடுங்கினால் டேஷ்போர்டே அதிரும்.

புது மோட்டார் போட்டும் காற்று சோம்பலாக வருகிறது?

வயர் மாறியிருக்கிறதா பாருங்கள். வெட்டி ஒட்டிய கனெக்டரில் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறினால் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். சாதாரண மேசை விசிறி என்றால் காற்று பின்பக்கம் போகும். இந்த உருளை விசிறியில் காற்று அதே பக்கம்தான் வரும், ஆனால் பாதிக்கும் குறைவாக, கூடுதல் இரைச்சலோடு. அதனாலேயே யாரும் சந்தேகிப்பதில்லை.

வயர் சரி என்றால் ஃபில்டர், விசிறி தண்டில் வழுக்குகிறதா, காற்றைத் திருப்பும் கதவுகள் அசைகின்றனவா என்று பாருங்கள். கிளம்பும்போது நல்ல காற்று, அரை மணியில் குறைந்துபோய், ஏசியைச் சிறிது நேரம் அணைத்தால் மீண்டும் வருகிறது என்றால் எவாப்பரேட்டரில் (காற்றைக் குளிர்விக்கும் ஏசி பாகத்தில்) பனி உறைகிறது. அது ப்ளோயர் வேலையே அல்ல.

ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் காரிலும் இதே சோதனைதானா?

இல்லை. அங்கே சுருள் ரெசிஸ்டருக்குப் பதில் அலுமினியத் துடுப்புள்ள டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். அது திறந்துபோனால் ப்ளோயர் முற்றிலும் நிற்கும். ஷார்ட் ஆனால் ஸ்விட்ச் எங்கிருந்தாலும் முழு வேகத்தில் ஓடும். மோட்டாருக்கு இரண்டுக்கு மேல் வயர் போனால் அதற்குள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது: ஒன்று பாசிட்டிவ், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். அந்த மோட்டாரை ஓம் அளந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. சிக்னல் வயரில் டெஸ்ட் லாம்ப் வைக்கவே கூடாது. கன்ட்ரோல் யூனிட் போய்விடும்.

சாவியை எடுத்த பிறகும் ப்ளோயர் ஓடுகிறது?

ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது மாட்யூல் ஷார்ட். ரிலேயைப் பிடுங்கினால் நின்றுவிட்டால் முதலில் ரிலேயை மாற்றிப் பாருங்கள். சில கார்கள் எவாப்பரேட்டரை உலர்த்த, நிறுத்திய பின் சிறிது நேரம் தாமாகவே ப்ளோயரை ஓட்டும். அது கோளாறு அல்ல. விடிய விடிய ஓடினால் காலையில் பேட்டரி இருக்காது.

சத்தம் வருகிறது, ஆனால் ஓடுகிறது. எண்ணெய் விடலாமா?

சத்தத்தின் வகையைக் கேளுங்கள். 'டக டக' என்று வேகத்தோடு கூடினால் விசிறிக்குள் இலை, காகிதம், சில நேரம் எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு. கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். 'கீச்' என்று குளிரில் கிளம்பும்போது கத்தினால் புஷ் உலர்ந்துவிட்டது. தண்டு புஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய மெஷின் ஆயில் இரண்டு சொட்டு விடலாம். துரு நீக்கும் ஸ்பிரே வேண்டாம். புஷ்ஷில் ஊறியிருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும். பிரஷ் பக்கம் எண்ணெய் வழிந்தால் கார்பன் தூளோடு கலந்து பசையாகிவிடும். இதனால் சில மாதம் வாங்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மோட்டாரைக் கழற்றியபோது உள்ளே தண்ணீர் இருந்தது. எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள பள்ளத்திலிருந்து. வெளிக்காற்று உள்ளே வரும் வாய் அங்கேதான் இருக்கிறது. இலை சேர்ந்து வடிகால் அடைத்தால் மழைநீர் தேங்கி, அந்த வாய் வழியாக நேராக ப்ளோயரில் இறங்கும். பானெட்டைத் திறந்து பள்ளத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். சக்கரத்தின் பின்னால் சட்டென்று வடிய வேண்டும். பயணி பக்க மிதியடி ஏசி ஓடும் நாளில் மட்டும் நனைந்தால் எவாப்பரேட்டர் வடிகுழாய் அடைத்திருக்கிறது. தண்ணீரை நிறுத்தாமல் புது மோட்டார் மாட்ட வேண்டாம்.

பழுது பார்க்கும் வரை காரை ஓட்டலாமா?

வறண்ட வெயிலில் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டலாம். மழையிலும் குளிரிலும் வேண்டாம். உள்பக்கக் கண்ணாடி சில நிமிடத்தில் பனித்து வழி மறைந்துவிடும். கருகிய வாடை வந்திருந்தால் ப்ளோயர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வொர்க்‌ஷாப் வரை மட்டும் கொண்டுபோங்கள்.